விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் திறைசேரிக் காசு: திருகோணமலையில் கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீலங்கன் விமானச் சேவையின் கடன், இ.போ.ச. என்கிற இலங்கை போக்குவரத்துச் சபையின் நட்டம், ரயில் கட்டணம், கம்பனிகளை விற்பது, ஒன்றாக்குவது என்று செய்தி வரும்போதெல்லாம் பஸ் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். என் கருத்து வருகிற இடங்களில் அதை என் கருத்தாகவே சொல்லியிருக்கிறேன்.

நான் விமானத்தில் ஏறுவதே இல்லை. விமானக் கம்பனியின் கடனால் எனக்கு என்ன?

அந்தக் கடனைக் கட்டுவதில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஸ்ரீலங்கனின் பழைய கடனுக்கென்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் 20 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். சீனிக்கும் பால்மாவுக்கும் நாம் கட்டும் வரி சேருகிற அதே திறைசேரியிலிருந்துதான் அதுவும் போகிறது. பிள்ளைகளின் சீசன் டிக்கெட்டுக்கும் ஆளில்லாத ஊருக்கு ஓடும் பஸ்ஸுக்கும் காசு வருவதும் அங்கிருந்துதான். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் இறுகும். கூடுவது கொழும்பில், இறுகுவது வெருகல், புல்மோட்டை, மொறவெவ போன்ற கடைசி ஊர்களில். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

மானியம் என்றால் திறைசேரி காசு கொடுப்பதுதானே?

காசு கொடுப்பது அதில் ஒரு வகை மட்டும். மற்ற வகைகள் எளிதில் கண்ணில் படாது. கம்பனி வாங்கும் கடனுக்கு அரசு பிணை நிற்பது மானியம்தான். ஸ்ரீலங்கன் 17.5 கோடி டொலருக்குக் கடன்பத்திரம் விற்றது அரசின் உத்தரவாதத்தில். 2024 ஜூனில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். 2022இல் நாடே கடன் கட்ட முடியாமல் நின்றபோது இதுவும் சேர்ந்து நின்றுபோனது. பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் விமான எரிபொருளைக் கடனுக்குக் கொடுத்து வருடக்கணக்காகக் காத்திருந்ததும் மானியம். வரியைத் தள்ளிவைப்பது, அரச வங்கியைக் கடன் கொடுக்கச் சொல்வது எல்லாமே இதே குடும்பம்.

சீசன் டிக்கெட் போன்ற மானியம் நேர் எதிர். பிள்ளை ஒரு பங்கைக் கட்டுகிறது, மிச்சத்தை அரசு பஸ்காரருக்குக் கொடுக்கிறது. யாருக்கு, எந்த வழிக்கு, எவ்வளவு என்று கணக்குக் கேட்கலாம். பிணை நிற்கிற மானியத்தில் கடன் வெடித்த பிறகுதான் தொகையே வெளியே வரும். அதனால் முதல் வகையை நான் ஆதரிக்கிறேன், இரண்டாவதைக் கண்டால் பயப்படுகிறேன்.

விமானக் கம்பனிகள் ஏன் இப்படி அடிக்கடி தள்ளாடுகின்றன?

செலவு முன்னதாகவே நிச்சயமாகிவிடுகிறது, வரவு கடைசி நிமிடம் வரை நிச்சயமில்லை. விமானத்தின் குத்தகை, எரிபொருள், விமானி சம்பளம், விமான நிலையக் கட்டணம் எல்லாம் பயணி வந்தாலும் வராவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். கதவு மூடியபின் காலியாக இருக்கும் இருக்கையை நாளைக்கு எடுத்துவைத்து விற்க முடியாது. நல்ல வருடத்திலேயே இந்தத் தொழிலில் நூறு ரூபாய் வரவுக்கு மூன்று, நான்கு ரூபாய்தான் மிஞ்சும். எண்ணெய் விலை கொஞ்சம் ஏறினால் அதுவும் போய்விடும்.

நமக்கு இதோடு டொலர் பிரச்சினையும் சேர்கிறது. குத்தகையும் எரிபொருளும் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. உள்ளூரில் ரூபாய்க்கு டிக்கெட் விற்கும் கம்பனி இதை எப்படித் தாங்கும்?

ஸ்ரீலங்கனின் நட்டம் முழுவதையும் டொலர் தலையில் கட்டிவிடவும் முடியாது. 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தை எடுத்தது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பிய ஜனாதிபதியின் குழுவுக்காகப் பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. அதன் வெளிநாட்டுத் தலைமை அதிகாரியின் விசா ரத்தானது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டுப் போனது. அவர்களுடைய பங்கை 2010இல் அரசு மீண்டும் காசு கொடுத்து வாங்கியது. அதன்பின் ஏர்பஸ் 350 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, பிறகு வேண்டாம் என்று சொன்னதற்காக மட்டும் 98 மில்லியன் டொலர் நட்டஈடு. பறக்காத விமானத்துக்குக் கொடுத்த காசு அது.

அமெரிக்காவும் ஜேர்மனியும் தனியார் கம்பனிகளுக்கே அள்ளிக் கொடுத்தனவே, நாம் கொடுத்தால் என்ன?

கொடுத்தார்கள், உண்மைதான். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா 5 பில்லியன் டொலரை நேரடியாகவும், 10 பில்லியன் டொலருக்குக் கடன் உத்தரவாதமாகவும் ஒதுக்கியது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் பயணிகள் விமானக் கம்பனிகளின் சம்பளச் செலவுக்கு மட்டும் 25 பில்லியன்; அடுத்தடுத்த சுற்றுகளோடு சேர்த்துச் சம்பள உதவி 50 பில்லியனைத் தாண்டியது.

ஆனால் கொடுத்த விதத்தைக் கவனியுங்கள். ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது, கம்பனி தன் பங்கையே திரும்ப வாங்கி முதலாளிகளுக்குப் பணம் சேர்க்கக்கூடாது, குறிப்பிட்ட ஊர்களுக்குச் சேவையை விடக்கூடாது என்று நிபந்தனை எழுதித்தான் கொடுத்தார்கள். ஜேர்மனி லுஃப்தான்சாவுக்கு 9 பில்லியன் யூரோ வரை ஏற்பாடு செய்து, 20 வீதப் பங்கை எடுத்துக்கொண்டது. 2022 செப்டெம்பருக்குள் அந்தப் பங்கை விற்று 760 மில்லியன் யூரோ இலாபத்தோடு வெளியேறியது. ஏர் பிரான்ஸுக்கு உதவிய பிரான்ஸ், ரயிலில் இரண்டரை மணித்தியாலத்தில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்ளூர் விமானம் விடாதே என்றது.

அவுஸ்திரேலியா வேறு வழியில் போனது. வேர்ஜின் அவுஸ்திரேலியா 2020 ஏப்ரலில் கையை விரித்தபோது அரசு காப்பாற்றவில்லை. நிர்வாகிகள் பொறுப்பெடுத்தார்கள், புதிய முதலாளி வாங்கினார், கம்பனி சிறிதாகி மீண்டும் பறந்தது. காப்பாற்றாவிட்டால் வானமே வெறுமையாகிவிடும் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் கொடுத்ததில் திகதி இல்லை, எல்லை இல்லை, திரும்ப வாங்கும் வழி இல்லை. எனக்கு அதில்தான் மனக்குறை.

இரண்டு கம்பனிகளை ஒன்றாக்கினால் நட்டம் குறையும் என்கிறார்களே?

குறையலாம். ஒரே வழியில் இருவரும் பாதி காலியாக ஓடினால் ஒன்றாக்குவதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு நட்டத்தைச் சேர்த்து ஒரு பெயர்ப்பலகை மாட்டினால் இலாபம் வந்துவிடாது. 2007இல் தொடங்கிய மிஹின் லங்கா அரசுக் காசில் பறந்து, 2016 ஒக்டோபரில் மூடப்பட்டு, அதன் வழிகள் ஸ்ரீலங்கனுக்குப் போயின. அதனால் ஸ்ரீலங்கன் நிமிரவில்லை. இந்தியாவில் எயார் இந்தியாவையும் இந்தியன் எயார்லைன்ஸையும் 2007இல் சேர்த்தார்கள். இரண்டு சம்பள முறை, இரண்டு மூப்பு வரிசை, ஒரு பெரும் கடன். 2021 ஒகஸ்டில் அந்தக் கடன் 61,000 கோடி இந்திய ரூபாயைத் தாண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் டெல்டா–நோர்த்வெஸ்ட், யுனைடெட்–கொன்டினென்டல், அமெரிக்கன்–யு.எஸ். எயார்வேஸ் என்று 2008க்கும் 2013க்கும் இடையில் சேர்ந்துகொண்டே போய், இன்று உள்நாட்டுப் பயணத்தில் சுமார் 80 வீதம் நான்கு கம்பனிகளின் கையில். கம்பனிகளுக்கு இலாபம் வந்தது. மெம்பிஸ் நகரத்துக்கு என்ன வந்தது? நோர்த்வெஸ்ட்டின் முக்கிய தளமாக இருந்த அந்த ஊரை, கம்பனிகள் சேர்ந்த பிறகு டெல்டா 2013இல் தளப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அடுத்த வருடம் கிளீவ்லாந்துக்கு யுனைடெட் அதையே செய்தது. சேரும்போது கொடுத்த வாக்குறுதிகளைச் சில வருடங்களுக்குப் பிறகு யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. இணைப்பில் முதலில் வெட்டுப்படுவது ஓரத்து ஊர். திருகோணமலை என்றைக்கும் ஓரத்து ஊர்தான், ரயில் பாதையும் இங்கேதான் முடிகிறது. அதனால் இந்தக் கதையை நாம் கவனமாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்க நீதிமன்றமே 2024 ஜனவரியில் ஜெட்புளூ–ஸ்பிரிட் இணைப்பைத் தடுத்தது, மலிவு டிக்கெட் இல்லாமல் போய்விடும் என்று. ஸ்பிரிட் அதே வருடம் நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நின்றது. ஒன்றாக்குவதும் தடுப்பதும் எளிதான தீர்ப்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நம் பஸ்களை ஒன்றாக்கிப் பார்த்திருக்கிறோமா?

ஒன்றாக்கியும் பார்த்தோம், பிரித்தும் பார்த்தோம், மறுபடி ஒன்றாக்கியும் பார்த்தோம். இந்தத் தொழிலைப் பற்றிப் படிக்க நினைப்பவர் வெளிநாட்டுக்கே போக வேண்டாம்.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் எல்லாவற்றையும் அரசு எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. அதற்கு முன் கம்பனிகள் நல்ல வழிக்கு அடிபட்டன, கெட்ட வழியை விட்டுவிட்டன. சபை வந்த பிறகு, கொழும்பு–கண்டி வழியில் கிடைத்த காசு சிறிய ஊர்களின் பஸ்ஸை ஓட வைத்தது. உலகின் பெரிய பஸ் நிறுவனங்களில் ஒன்றாகவும் அது வளர்ந்தது. ஆட்களை அரசியலுக்காகச் சேர்த்ததும், கட்டணத்தைத் தேர்தலுக்காக ஏற்றாமல் விட்டதும் அதே சபைதான்.

1970களின் கடைசியில் சபையைப் பிராந்தியங்களாக உடைத்தார்கள், தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தார்கள். 1990இலிருந்து டிப்போ டிப்போவாக, ஊழியர் பங்குள்ள கம்பனிகளாக மாற்றினார்கள். அப்போதுதான் பிரச்சினை முழுதாக வெளியே வந்தது. ஒவ்வொரு டிப்போவும் தன் காலில் நிற்க வேண்டும் என்றால், கண்டியின் காசு மூதூருக்கு வராது. 1997இல் கொத்துக் கொத்தாகச் சேர்த்தார்கள், 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் ஒரே சபையாக்கினார்கள். இதற்குள் நல்ல வழிகளில் தனியார் பஸ்கள் உறுதியாக நின்றுவிட்டன. நட்ட வழிகளைச் சுமக்க நல்ல வழிகளில் வந்த காசு சபைக்குக் குறைந்துபோனது. ஆகவே சபை நட்டப்படுகிறது என்று சொல்லும்போது, சோம்பலால் வந்த நட்டம் எவ்வளவு, கடைசி ஊருக்கு ஓடியதால் வந்த நட்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிற கணக்கு நியாயமான கணக்கு இல்லை.

ஈச்சிலம்பற்றுக்கு ஓடும் பஸ் நட்டம் என்றால் நிறுத்திவிடலாம்தானே?

காலையில் அந்தப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் பஸ்ஸைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் அம்மா, கச்சேரிக்குக் காணிக் கடிதம் கொண்டுவரும் ஐயா, தயிர்ச்சட்டி, மீன்பெட்டி, டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். கால் வைக்க இடமில்லை. அதே பஸ் பத்து மணிக்குத் திரும்பும்போது பாதிக்கு மேல் காலி. கண்டக்டர் இரண்டு பயணத்தையும் கூட்டிக் கணக்குக் கொடுத்தால் டீசலுக்கும் சம்பளத்துக்கும் போதாது.

கணக்கில் வராதவை இருக்கின்றன. அந்த அம்மா கிளினிக்கைத் தவறவிட்டால் பிறகு அவரை வார்ட்டில் வைத்துப் பார்க்கும் செலவு சுகாதார அமைச்சின் தலையில். பஸ் இல்லாவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான ரூபாய் அந்த வீட்டின் தலையில். பெண்பிள்ளை ஓ.எல். முடித்ததோடு படிப்பை விடுவது எந்த ஏட்டிலும் வராது. பஸ் ஏட்டில் நட்டமாகத் தெரிவது வேறு ஏடுகளில் மிச்சமாக இருக்கிறது. இப்படிப்பட்ட வழிகளுக்காகத்தான் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு கிராமங்களுக்கு ‘கெமி செரிய’, பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சிசு செரிய’, இரவுக்கு ‘நிசி செரிய’ என்று திட்டங்கள் வைத்திருக்கிறது. இந்த வழியில் இத்தனை பயணம் ஓட வேண்டும், அதற்கு இவ்வளவு காசு என்று எழுதும் முறை. விமானத்துக்கும் இந்த முறைதான் வேண்டும் என்பது என் கட்சி.

மானியம் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தில் உதாரணம் உண்டா?

குறிஞ்சாக்கேணி. கிண்ணியாவில் பழைய பாலத்தை எடுத்துப் புதியது கட்டத் தொடங்கிய காலத்தில் மக்கள் மிதப்புப் பாதை என்கிற படகுத் தளத்தில் ஆற்றைக் கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கடற்படை படகு விட்டது, சுற்றுவழியில் பஸ் பற்றிப் பேச்சு வந்தது. பாலத்துக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கும்போதே, கட்டி முடியும்வரை மக்கள் எப்படிப் போவார்கள் என்பதற்கும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பான படகுச் சேவை வருமானத்தில் ஓடாது, மானியத்தில்தான் ஓடும். அது வீண்செலவு என்று யாராவது இன்று அந்தத் தாய்மாரிடம் சொல்ல முடியுமா?

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை, அதன் பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் வரும்வரை, மூதூருக்குத் தரைவழி என்பது இறங்கி ஏறி இறங்கி ஏறிப் போகிற வழிதான். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது.

மானியத்தைக் குறைக்கச் சொல்லி சர்வதேச நாணய நிதியம் கேட்கிறதே?

கேட்கிறது. யாருடையதை முதலில் குறைக்கிறோம் என்பது நம் கையில். 2022 ஒகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. திருக்கடலூரிலும் குச்சவெளியிலும் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் பூட்டிய படகுகளைக் கரையில் இழுத்துவைத்தார்கள். கடலுக்குப் போய் வந்தால் எண்ணெய்க் காசு கூடத் தேறாது என்ற நிலை. அந்த விலையைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை ஏற்கிறேன். படிப்படியாகவும், படகு வைத்திருப்பவருக்குத் தனி உதவியோடும் திருத்தியிருக்கலாம். படகுக்காரருக்கு ஒரு இரவு. விமானக் கம்பனிக்கு வருடங்கள்.

சீனன்குடாவுக்கு மானியம் கொடுத்து விமானம் விட்டால் ஊர் வளருமே?

எனக்கும் ஆசைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை சும்மா கிடக்கவில்லை. விமானப்படை அங்கே இருக்கிறது. போருக்குப் பிறகு விமானப்படையின் பயணிகள் சேவையான ஹெலிடுவர்ஸ் இரத்மலானையிலிருந்து பயணிகளை ஏற்றி வந்தது, தனியார் சிறுவிமானங்களும் வந்தன. கட்டணம் உல்லாசப் பயணிக்கானது.

மானியம் கொடுத்து ஓடவிட்ட அனுபவத்துக்கு, சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் இந்தியாவின் உடான் திட்டம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் முதல் விமானம். ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு ஒரு பகுதி இருக்கைகளை 2,500 இந்திய ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும், குறைவதை மூன்று வருடம் அரசு நிரப்பும். அந்நாட்டுக் கணக்காய்வாளர் 2023இல் கொடுத்த அறிக்கை கசப்பானது. முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த 774 வழிகளில் 403 தொடங்கவே இல்லை. மூன்று வருடம் முடித்தவை 112. அதற்குப் பிறகும் நின்றவை 54. அமெரிக்காவில் சிறிய ஊர்களுக்கென்று 1978இல் பத்து வருடத்துக்குத் தொடங்கிய மானியம் இன்றுவரை நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைப் பாருங்கள். 2019இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது இந்திய அரசின் அலையன்ஸ் எயார். கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் திரும்பியது. ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு, 2024 செப்டெம்பரில் இன்டிகோ தானாக வந்தது. அரசு வழி திறந்தது, தனியார் பின்னால் வந்தது. அங்கே சொந்தக்காரர் போக்குவரத்து இருந்தது. சீனன்குடா–இரத்மலானைக்கு அப்படி நிரந்தரப் பயணி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகே காசு கொடுக்கலாம். என்னிடம் கேட்டால், அதே காசை முதலில் இரவு ரயிலுக்குப் போடுவேன்.

ரயிலும் நட்டம்தானே?

ஆம். அது அரசுத் திணைக்களம், இலாபத்துக்காக ஓடுவதில்லை. கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்த பிறகு கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகக் கோணேசர் ஊருக்கு வரும் இந்தப் பாதை 1927இலிருந்து இருக்கிறது. கொழும்பில் ஒரு கிளினிக், ஒரு நேர்முகத் தேர்வு, ஒரு கடவுச்சீட்டு வேலை என்றால் லொட்ஜ் காசில்லாமல் போய் வர இந்த ரயில்தான் உதவி. பெட்டியும் கழிவறையும் திருந்த வேண்டும், பாதை திருந்த வேண்டும்.

ஸ்ரீலங்கனை விற்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

கடன் தீராது. எயார் இந்தியாவை டாட்டா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் 15,300 கோடி கடனைப் பொறுப்பேற்றது, 2,700 கோடிதான் அரசின் கைக்கு வந்தது. மிச்சக் கடன் நாற்பதாயிரம் கோடிக்கு மேல் இந்திய மக்களிடமே தங்கியது. விற்றதால் நாளைய நட்டம் நின்றது, நேற்றைய நட்டம் நிற்கவில்லை. நம் அரசு முன்பு விற்க முயன்றது, 2024இல் வந்த அரசு விற்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறது. வைத்திருப்பதானால் ஆண்டுக்கு இவ்வளவுதான், இந்த வருடம் வரைதான் என்று பாராளுமன்றத்தில் எல்லை போட வேண்டும்.

தனியார் பஸ்காரருக்கும் மானியம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சபையின் சிவப்பு பஸ்ஸா தனியாரின் நீலப் பஸ்ஸா என்பது பயணிக்குப் பொருட்டில்லை. கடைசிப் பயணத்தை ஆள் குறைவென்று வெட்டாமல் ஓடுகிறவருக்குக் கொடுங்கள், வெட்டினால் அந்த நாளின் காசைப் பிடியுங்கள். சபைக்கும் தனியாருக்கும் ஒரே நேர அட்டவணை போடுவதையும் ஆதரிக்கிறேன். இரண்டு பஸ் ஒன்றையொன்று துரத்தி, பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றுமே இல்லாமல் நிற்பது யாருக்கும் நன்மையில்லை.

நான் ஒரு சாதாரண ஆள். எங்கே, என்ன கேட்பது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. பொதுவாக ‘பஸ் ஏன் வரவில்லை’ என்று எழுதாதீர்கள், பொதுவான பதில்தான் வரும். உங்கள் ஊர் வழியின் இலக்கத்தைப் போட்டு, கடந்த மூன்று மாதத்தில் அந்த வழியில் அட்டவணைப்படி ஓட வேண்டிய பயணம் எத்தனை, ஓடியது எத்தனை, அந்த வழிக்கென்று மானியம் வந்ததா, வந்தால் எவ்வளவு, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். மாகாணத்துக்குள் ஓடும் பஸ் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கு, மாகாணம் கடந்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு, சிவப்பு பஸ் என்றால் டிப்போவுக்கும் பிரதி வையுங்கள். பதில் வந்ததும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பிரதேச சபை உறுப்பினரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள்.